அடிபட்டவர்: வெலெஸ் (கருணாகரனால்)

ஏப்ரல் 11, வியாழன்

தைப்பொங்கலுக்குத் தமிழ்க் கடையில் சும்மா தந்த டயரி. மூன்று மாதமாக வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது.

மருமகள் வதனி வேலைக்குப் போகுமுன் கொம்பியூட்டரில் ஒரு தாளைத் திறந்து காட்டினாள். பேரன் ஆரூரன் நேற்று ஒகையோ மாநிலத்தில் விளையாடிய பேஸ்போல் ஆட்டத்தின் விபரம். யார் எத்தனை முறை அடித்தான், யார் விட்டான், எல்லாம் நிரையாகப் போட்டிருந்தது. பந்து எறிகிறவர்களுக்கு அடியில் தனி நிரை. பேரன் எறிகிறவன்.

எறிகிறவர் நிரையில் ஆரூரன் என்ற பெயர் இல்லை. இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தான் கடைசிப் பெயர். தாளில் கடைசிப் பெயரை மட்டும் போடுவார்களாம். ஆகவே அங்கே இருப்பது என் மகன் பெயர். கருணாகரன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், இங்கிலீஷ் எழுத்து அரைகுறை. ஆனாலும் கண்டுபிடித்துவிடுவேன். அந்தத் தாளில் அதைவிட நீளமான பெயர் கிடையாது.

மூன்று இன்னிங்ஸ். அடி இரண்டு. ஓட்டம் ஒன்று. நடை ஒன்று. ஏமாந்தவர் நான்கு. அடியும் ஓட்டமும் இவன் பந்தில் மற்ற அணிக்காரர் எடுத்தவை, குறைந்தால் நல்லது. நடை என்றால் இவன் நான்கு பந்தைக் கண்டபடி எறிய, அடிக்க வந்தவன் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்துபோவது. ஏமாந்தவர் என்றால் மூன்று பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவன். வதனி ஒருமுறை சொன்னாள். எனக்கு இரண்டாம் முறை தேவையில்லை.

மகனைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்க்கவில்லை. தன் பெயரில் வேறு யாரோ விளையாடுகிறான் என்று சொல்லிவிட்டுப் பாண் சுடுகிற பேக்டரிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 18, வியாழன்

நான்கு இன்னிங்ஸ். அடி ஐந்து. ஓட்டம் மூன்று. நடை இரண்டு. ஏமாந்தவர் மூன்று.

புதன்தோறும் இவன் முறை. திங்களில் ஆட்டம் இல்லை. வியாழன் காலையில் நான் பார்க்கிறேன். அவன் வீட்டுக்குப் பேசுவதில்லை. ஆகவே எனக்குக் கடிதம் இந்தத் தாள்தான்.

இரண்டு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் விட்டுவிட்டுச் சம்பளத்துக்குப் பந்து எறியப் போனான். மார்ச் மூன்று, ஞாயிறு, காலை ஒன்பதரை. அதற்கு முதல் மூன்று நாள் தகப்பனும் மகனும் சத்தம். போகும்போது தகப்பன் வாசலுக்கு வரவில்லை. நான் நின்றேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் வித்து வதனி. 2010 ஆகஸ்ட் பதினாலு, சனிக்கிழமை, யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே அவனுக்கு ஒரு பேஸ்போல் கையுறை வாங்கிக் கொடுத்தாள். எட்டு வயது அவனுக்கு. நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன். இப்போது கேட்டால் அப்படி நான் சொன்னதே இல்லை என்கிறாள். அவளுக்கு மறதி. எனக்கு இல்லை.

மே 30, வியாழன்

ஆறு இன்னிங்ஸ். அடி இரண்டு. ஓட்டம் பூச்சியம். நடை பூச்சியம். ஏமாந்தவர் எட்டு.

வதனி கொம்பியூட்டரைப் பார்த்துக் கை தட்டினாள். நான் தட்டவில்லை. கண்பட்டுவிடும். அவள் போனபின் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அந்தத் தாளுக்கு முன்னால் மூன்று முறை சுற்றினேன். அடுப்பில் போட்டதும் புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. துவாயால் விசிறி நிறுத்தினேன். மகனுக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் பிட்டுக்கு மா வறுத்தேன்.

ஜூன் 6, வியாழன்

ஐந்து இன்னிங்ஸ். அடி நான்கு. ஓட்டம் இரண்டு. நடை ஒன்று. ஏமாந்தவர் ஐந்து. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 13, வியாழன்

வதனி தாளைத் திறந்தாள். பிறகு மூடினாள். "மாமி, இண்டைக்கு வேண்டாம்" என்றாள்.

திறக்கச் சொன்னேன்.

ஒன்று புள்ளி இரண்டு. முதலில் நான் அதை ஒன்றும் பத்தில் இரண்டும் என்று நினைத்தேன். அப்படியில்லையாம். மூன்று பேரை வெளியேற்றி ஒரு இன்னிங்ஸ் முடித்து, அடுத்ததில் இரண்டு பேரை வெளியேற்றியபின் நின்றுவிட்டானாம். அடி ஒன்று. ஓட்டம் ஒன்று. நடை ஒன்று. ஏமாந்தவர் இரண்டு. ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டேன். தாளின் அடியில் சின்ன எழுத்தில் உள்ளதைக் காட்டினாள். பந்தால் அடிபட்டவர்: வெலெஸ், அடைப்புக்குறிக்குள் கருணாகரனால்.

பந்து கையை விட்டு வழுக்கிவிட்டதாம். வெலெஸ் என்பவனுக்குக் காதுக்கு மேலே பட்டதாம். விழுந்தவன் எழும்பவில்லை. அம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்ததாம். வீடியோ இருக்கிறது. வதனி எனக்குக் காட்ட மறுத்துவிட்டாள். தான் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

மகன் வேலை முடிந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நின்றபடி வாசித்தான். அந்தச் சின்ன எழுத்துக்கு எப்படி அவ்வளவு கெதியாகப் போனான் என்று பிறகுதான் யோசித்தேன். தாளை அவனுக்கு யாரும் விளங்கப்படுத்தியதில்லை.

"என்ர பேரைத்தானே போட்டிருக்கு" என்றான்.

ஜூன் 14, வெள்ளி

மிளகாய் வறுத்தேன். கருகிவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

வெலெஸ் கண் முழித்துவிட்டான் என்று வதனி சொன்னாள். காதுக்கு மேலே எலும்பில் மெல்லிய வெடிப்பு. பேச்சு வருகிறதாம். இனி விளையாடுவானா என்று ஒருவருக்கும் தெரியாது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. தாய் எங்கேயோ தீவில் இருந்து விமானம் பிடித்து வந்தாளாம். அவள் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவள் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியும்.

நாங்கள் கூப்பிட்டால் ஆரூரன் போனை எடுக்கவில்லை. முன்பின் தெரியாத சனமெல்லாம் அவனுக்குக் கூடாத வார்த்தை எழுதினதாம். அதனால் போனை நிறுத்தி வைத்திருப்பான் என்கிறாள் வதனி. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்.

கொம்பியூட்டரை நானே திறக்கப் பழகிவிட்டேன். வெலெஸின் அணி எது என்று வதனியிடம் கேட்டு, அதன் பக்கத்தை எப்படித் திறப்பது என்றும் கேட்டேன். எதற்கு மாமி என்றாள். சும்மா என்றேன். வெலெஸ் இங்கிலீஷில் ஐந்து எழுத்து. முதல் எழுத்து கவட்டுத்தடி மாதிரி. கடைசி எழுத்து மடித்த கம்பி மாதிரி. பார்த்தால் இனி மறக்காது.

ஜூன் 20, வியாழன்

பெயர் இல்லை.

மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். நேற்று வேறொருவன் எறிந்திருக்கிறான். சின்னப் பெயர். வெலெஸின் அணியிலும் பார்த்தேன். அவன் பெயரும் இல்லை.

ஜூன் 22, சனி

கறிவேப்பிலைச் சாடியை வெயிலில் வைத்தேன். இரத்தத்தில் சீனி பார்த்தேன், பதினொன்று, கூடத்தான். குளிசை போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. எனக்கா நினைவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

மூன்று நாளாக இதை எழுதுவதா விடுவதா என்று இருக்கிறேன். எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

எனக்கு இரண்டாவது மகன் ஒருவன் இருந்தான். யோகன். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், இரண்டாம் செவ்வாய். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போக வேண்டாம் என்று மறித்தேன். கேட்கவில்லை. "போற இடத்திலேயே கிட" என்றேன். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு பேப்பரில் எத்தனையோ பெயர்ப் பட்டியல் வந்தது. பிடிபட்டவர்கள், செத்தவர்கள், காயப்பட்டவர்கள். ஆட்களைக் கொண்டு வாசிப்பித்தேன், பிறகு நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒன்றிலும் அவன் இல்லை. சொன்ன மாதிரியே எங்கேயோ கிடந்துவிட்டான்.

எனக்குக் கரிநாக்கு என்று ஊரில் சொல்வார்கள். பக்கத்து வளவு நல்லையாவின் மாட்டைப் பற்றி நான் சொன்னது மூன்றாம் நாள் பலித்தது. அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மார்ச் மூன்று, ஒன்பதரை மணிக்கு ஆரூரன் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். "படிச்ச படிப்பை எறிஞ்சுபோட்டுப் போறாய். எறியிற கை விளங்காமல்தான் போகும்" என்றேன்.

குனிந்தவன் அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பையைத் தூக்கினான். வதனி காரில் இருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. மகன் மேல்மாடியில். ஆகவே இது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பந்து அவன் கையிலிருந்து வழுக்கியது என்கிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

இன்றைக்கும் பெயர் இல்லை. வெலெஸும் இல்லை.

வதனி அணிக்குப் போன் எடுத்தாள். அவனை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுத்துச் சிகிச்சையில் வைத்திருக்கிறோம், மற்றதெல்லாம் அவன் சொந்த விஷயம், அவனிடமே கேளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்களாம். அவன்தான் போன் எடுப்பதில்லையே.

மத்தியானம் மகனின் காரில் அரிசி மூட்டை இருந்தது. எடுக்கப் போனேன். இருக்கைக்குக் கீழே ஒரு தடித்த கடித உறை. பிரித்தேன். ஏப்ரல் பத்திலிருந்து ஜூன் பன்னிரண்டு வரை, ஆட்டத்துக்கொரு தாள், எல்லாம் அச்செடுத்து மடித்து வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் அந்த நீளப் பெயருக்குக் கீழே பேனையால் கோடு. மே இருபத்தொன்பதுத் தாளில் கோடு இரண்டு. கடைசித் தாளில் கோடு சின்ன எழுத்துக்குக் கீழே. அழுத்திக் கீறியதில் தாள் கிழிந்திருந்தது.

உறையைக் கொண்டுபோய் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் வைத்தேன். அவன் கை சோற்றில் நின்றுவிட்டது. அம்மா, அது சும்மா என்று தொடங்கினான்.

"ரெண்டு கிழமையாய் உன்ர பேரைக் காணேல்லை. போய்த் தேடு."

"அவன் என்னைப் பார்க்கமாட்டான் அம்மா."

"நான் யோகனைத் தேடிப் போனனான். எனக்குப் போற இடம் தெரியேல்லை. உனக்கு விலாசம் இருக்கு."

யோகனின் பெயரை இந்த வீட்டில் நான் சொல்லிப் பதினாறு வருடம். அவன் கை கழுவினான். நாலு மணிக்கெல்லாம் கார் கிளம்பிவிட்டது. ஏழு மணித்தியால ஓட்டம்.

நான் சொன்ன மற்றதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

மகன் காலையில் பேசினான். அறையில் திரையெல்லாம் இழுத்து மூடி, சப்பாத்துப் போட்டபடி கட்டிலில் படுத்திருந்தானாம். ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாள் என்று அவனுக்கே தெரியவில்லை. தகப்பனைக் கண்டதும் ஏன் வந்தனீங்கள் என்று மட்டும் கேட்டானாம். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

மகன் வேலையில் லீவு சொல்லிவிட்டு அங்கேயே நிற்கப்போகிறான். நிலத்தில் படுக்கிறான். குளியலறைக் கதவைப் பூட்ட விடுவதில்லை என்று சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. வதனி பக்கத்தில் நின்றாள். அவளும் கேட்கவில்லை. சுவரோடு நிலத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கையுறை வாங்கிய நாளிலிருந்து பதினாலு வருடத்தில் அவளுக்கு நான் ஊற்றிக் கொடுத்தது இதுதான் முதல்.

ஜூலை 1, திங்கள்

நேற்றுச் சோறு தின்றானாம். அரைவாசி.

ஜூலை 4, வியாழன்

பெயர் இல்லை. வெலெஸும் இல்லை. இப்போது காலையில் எழும்பியதும் முதல் வேலை இது, குளிசைக்கு முதல்.

மகன் பேசினான். டாக்டர் பார்க்கிறார், கையில் ஒரு பழுதும் இல்லை என்கிறார். ஆனால் எறியப் போனால் விரல் பந்தை விடுவதில்லையாம். விட்டால் பந்து நிலத்தில் குத்துகிறது, இல்லாவிட்டால் ஆகாயத்துக்குப் போகிறது. யாராவது எதிரில் நின்றால் பந்தைக் கீழே வைத்துவிடுகிறானாம்.

அதற்கு என் மகன் செய்த வேலையைப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயதில் கடைக்குப் போய் ஒரு கையுறை வாங்கியிருக்கிறான். பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் எதிரில் நின்று, எனக்கு எறி, எனக்குத் தலை தடிப்பு என்றானாம். முதல் பந்து வேலிக்கு மேலால் போனது. இரண்டாவது புல்லில். மூன்றாவது நேரே வந்தது. பிடிக்கத் தெரியாமல் தோள் எலும்பில் வாங்கி இவன் குந்திவிட்டான். ஆரூரன் ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்து, இனிமேல் நான் பந்தைத் தொடமாட்டேன் என்று ஒரே அழுகையாம். அப்படியே இருட்டும் வரை புல்லில் இருந்தார்களாம்.

"நோவு ஒண்டும் பெரிசில்லை அம்மா" என்றான் மகன். "அவன் என்னைத் தொட்டு நாலு மாசம்."

அவன் அழுதது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை. பந்தைத் தொடமாட்டேன் என்கிறான். நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று ஐயரிடம் கேட்டேன். அர்ச்சனைச் சீட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பெயர், நட்சத்திரம் சொன்னேன். அந்த மனிதருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. இனி அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டேன்.

கேட்க வேண்டிய ஆள் ஐயரில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேரனோடு பேசும்போது என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் மனுசனுக்கே சொன்னதில்லை. வாயில் வருமா என்று குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஜூலை 10, புதன்

காலை ஏழு மணி. வதனி வேலைக்குப் போய்விட்டாள். கொம்பியூட்டரைத் திறந்து வெலெஸின் அணிக்குப் போனேன். நேற்றைய தாள். பழக்கத்தில் மேலிருந்து கீழே வந்தேன்.

ஆறாவது நிரையில் கவட்டுத்தடி.

ஐந்து எழுத்தையும் விரலால் தொட்டு எண்ணினேன். கடைசியில் மடித்த கம்பி. வேறொரு வெலெஸாக இருக்கலாம் என்று பயம் வந்தது. ஜூன் பன்னிரண்டுத் தாளை மகன் வைத்த உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அதே பெயர், அதே இடம். இரண்டாவது தளத்தில் நிற்கிறவன் என்ற குறியும் அதே. நான்கு முறை அடிக்க வந்திருக்கிறான். ஒன்று அடித்திருக்கிறான். ஓட்டம் ஒன்று. ஒருமுறை ஏமாந்திருக்கிறான்.

மகனுக்குப் போன் எடுத்தேன். நித்திரைக் குரலில் என்னம்மா என்றான். அவனிடம் குடு என்றேன். இவ்வளவு நாளும் நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுப்புக் கேட்டது.

"அப்பம்மா."

மார்ச் மூன்றுக்குப் பிறகு இப்போதுதான் அந்தக் குரல். மெலிந்திருந்தது. ஓம் மோனை என்றேன்.

"அப்பம்மா, நீங்கள் சொன்ன மாதிரித்தான். கை விளங்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. டாக்டரிடம் நோவைச் சொல்வது போலச் சொன்னான். அவனும் மறக்கிற பிள்ளை இல்லை. என் இரத்தம்.

அடுக்கி வைத்த ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் தாள் இருந்தது. அதை வாசித்தேன்.

"நேற்று வெலெஸ் விளையாடினவன். நாலு தரம் வந்தவன். ஒண்டு அடிச்சவன். ஒரு ஓட்டம். ஒருக்கால் ஏமாந்தவன்."

அந்தப் பக்கம் அவன் கட்டிலில் எழும்பி உட்காரும் சத்தம் கேட்டது.

"எந்த வெலெஸ்?"

"உன்ர வெலெஸ். ரெண்டாம் தளம். நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு வாறன். இருபத்தாறு நாள் அவன்ர பேர் இல்லை. நேற்று இருக்கு."

திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். இன்னொருமுறை கேட்டான். இன்னொருமுறை வாசித்தேன். மகன் பின்னால் என்ன என்ன என்று கேட்பது கேட்டது. ஆரூரன் மூக்கை உறிஞ்சினான்.

"முதல் தரம் வந்தபோது என்ன நடந்தது, அப்பம்மா? அதில இருக்கோ?"

"அது இதில இல்லை. மொத்தம்தான் போட்டிருக்கு."

"உள்பக்கமா எறிஞ்சவங்களோ? தலைக்குக் கிட்ட?"

"அதுவும் இல்லை மோனை."

"பயந்திருப்பான்" என்றான். "பயந்துகொண்டு நிண்டுதான் அடிச்சிருப்பான்."

அவன் போனை வைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல இதுதான் நேரம் என்று தெரிந்தது.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றேன். "என்ர வாய் பிழை. உன்ர கை இல்லை."

சொல்லிவிட்டேன். வீடு இடிந்து விழவில்லை. ஓம் என்று அவன் சொன்னதாக நினைக்கிறேன். சரியாகக் கேட்கவில்லை. மூன்று தெரு தள்ளிக் குப்பை லொறி வந்துகொண்டிருந்தது, அதன் சத்தம்.

பிறகு தகப்பனிடம் ஏதோ கேட்டான். எனக்கல்ல. கையுறை எங்கே என்று கேட்டது போலிருந்தது. கதவு திறந்தது. போன் கட்டிலில் கிடந்தபடியே திறந்திருந்தது. நான் வைக்கவில்லை. நாற்பது நிமிடம் காதில் பிடித்துக்கொண்டு இருந்தேன், அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை.